சாம்பல் சேவலும் சாம்பல் பெட்டையும்தான் சேர்ந்தன, கறுப்புக் குஞ்சு எங்கிருந்து வந்தது?

குஞ்சின் நிறம் மாறி வந்தது பற்றிக் கோழி வளர்க்கும் மற்றவர்கள் இங்கே எழுதிய அனுபவங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான். தாயும் தகப்பனும் ஒரே நிறம், குஞ்சு மட்டும் வேறு நிறம், முட்டை மாறிவிட்டதா, வேறு சேவல் மிதித்துவிட்டதா, விற்றவர் ஏமாற்றிவிட்டாரா? வேறு சேவல் மிதித்திருக்க வாய்ப்பு உண்டு, அதற்குக் கடைசியில் வருகிறேன். ஆனால் நான் பார்த்த வரையில் பெரும்பாலான நேரம் யார் மேலும் தப்பில்லை. வெளியே தெரியும் நிறம் கோழி சுமக்கிற கணக்கில் பாதிதான், மீதியைக் குஞ்சு பொரித்த பிறகுதான் காட்டும்.

முதலில் சாம்பல். நாம் 'ப்ளூ' என்று சொல்கிறோமே, அந்த நிறம் தனியாக நிலைக்காது. நிறத்தை மங்க வைக்கும் மரபணு ஒன்று இருந்தால் கறுப்பு சாம்பலாகிறது. அதுவே இரண்டு சேர்ந்தால் இன்னும் வெளுத்து, வெள்ளையில் சாம்பல் தெறித்த மாதிரி 'ஸ்பிளாஷ்' ஆகிவிடுகிறது. எதுவும் இல்லையென்றால் கறுப்பு. அதனால் சாம்பலோடு சாம்பல் சேர்த்தால் சராசரியாக நாலில் ஒன்று கறுப்பு, பாதி சாம்பல், நாலில் ஒன்று ஸ்பிளாஷ். 1900களின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தில் மரபியல் ஆய்வாளர்கள் பேட்சனும் பன்னட்டும் அண்டலூசியன் இனக் கோழிகளை வைத்து இதைக் காட்டிவிட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் சாம்பல் மட்டும் வேண்டுமென்று கறுப்பையும் ஸ்பிளாஷையும் தலைமுறை தலைமுறையாகக் கழித்துக்கொண்டே இருந்தார், அவை வந்துகொண்டே இருந்தன. கழித்த அந்த இரண்டையும் ஒன்றோடொன்று சேர்க்கச் சொன்னேன். கறுப்பும் ஸ்பிளாஷும் சேர்ந்தால் பொரிக்கிற அத்தனையும் சாம்பல்தான், ஒன்றுகூடத் தவறாது. குஞ்சுகளைப் பார்த்த பிறகுதான் அவர் நம்பினார்.

இதோடு லாவெண்டர் என்கிற இன்னொரு வெளிர்சாம்பல் நிறத்தைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். லாவெண்டர் ஒடுங்கு பண்பு, அம்மா அப்பா இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். லாவெண்டரோடு லாவெண்டர் சேர்த்தால் எப்போதும் லாவெண்டர், சுத்தக் கறுப்போடு சேர்த்தால் எல்லாம் கறுப்பு. இறகைப் பார்த்தும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். ப்ளூவில் பெரும்பாலும் இறகின் ஓரம் அடர்ந்திருக்கும், சேவலின் கழுத்தும் முதுகும் இன்னும் இருண்டிருக்கும். லாவெண்டர் உடம்பு முழுக்க ஒரே சீராக வெளிறியிருக்கும். இரண்டையும் ஒரே நிறம் என்று நினைத்து ஜோடி சேர்த்தால் கறுப்பும் ப்ளூவும்தான் வரும், லாவெண்டர் ஒன்றுகூட வராது. அந்த வருத்தத்தோடு என்னிடம் கேட்டவர்கள் உண்டு.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் வரி. பிளைமவுத் ராக் இனக் கோழியின் வெள்ளை கறுப்பு வரி இருக்கிறதே, அதன் மரபணு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் பாலினக் குரோமோசோம்களில் இசட் என்பதில் இருக்கிறது. கோழிகளில் கணக்கு மனிதர்களுக்கு நேர் எதிர். சேவலுக்கு இரண்டு இசட், பெட்டைக்கு ஓர் இசட்டும் ஒரு டபிள்யூவும். தாய் தன் இசட்டை மகனுக்குத்தான் கொடுக்கிறது, மகளுக்குப் போவது டபிள்யூ. ஆக வரிப் பெட்டையின் வரி அதன் மகளுக்குப் போகவே போகாது, மகளின் வரி முழுக்கத் தகப்பன் கொடுப்பது. நல்ல வரிப் பெட்டையை வாங்கி வரியில்லாத சேவலோடு விட்டுவிட்டு, மகள்கள் எல்லாம் வரியில்லாமல் வந்துவிட்டன என்று மனம் நொந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே ஜோடியைத்தான் வேறு ஒருவர் வேண்டுமென்றே சேர்ப்பார். ஏனென்றால் வரியில்லாத ரோட் ஐலண்ட் ரெட் இனச் சேவலையும் வரி பிளைமவுத் ராக் பெட்டையையும் சேர்த்தால், பொரித்த அன்றைக்கே உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டு உள்ளது சேவல், பொட்டு இல்லாதது பெட்டை. திருப்பிப் போட்டு, சுத்த வரிச் சேவலை வரியில்லாப் பெட்டையோடு விட்டால் எல்லாக் குஞ்சும் வரியோடு வரும், இந்தப் பிரிப்பு கிடைக்காது. சேவலுக்கு வரி இரண்டு பங்கு இருக்கலாம், பெட்டைக்கு ஒரு பங்குதான். ஒரே இனத்தில் சேவல் வெளுப்பாகத் தெரிவதற்குக் காரணம் அதுதான்.

வெள்ளைதான் அதிகம் ஏமாற்றும். ஒயிட் லெகார்ன் இனத்தின் வெள்ளை ஓங்கு பண்பு, அம்மா அப்பாவில் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளியே தெரியும், கறுப்பை நன்றாக மறைக்கும், சிவப்பை அவ்வளவு மறைக்காது. அதனால்தான் சிவப்புக் கோழியோடு கலந்தால் மார்பிலோ முதுகிலோ சிவப்பு எட்டிப்பார்க்கிறது. சில்கி இனத்தின் வெள்ளையோ ஒடுங்கு பண்பு, முற்றிலும் வேறு மரபணு. இந்த இரண்டு வெள்ளையையும் சேர்த்தால் முதல் தலைமுறை வெள்ளை, சிலவற்றில் ஆங்காங்கே சின்னக் கறுப்புப் பொட்டு இருக்கும். அவற்றைத் தங்களுக்குள் சேர்த்தால் சராசரியாக 16க்கு 3 நிறக்குஞ்சுகள் வரும். வெள்ளைக்கு அடியில் கறுப்பு இருக்கிறதா, வரி இருக்கிறதா என்று இறகைப் பார்த்துப் பெரும்பாலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

சரி, ஒரு கறுப்புச் சேவல் லாவெண்டரை மறைத்து வைத்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? லாவெண்டர் பெட்டையோடு விடுங்கள். ஒரு லாவெண்டர் குஞ்சு வந்தாலே போதும், விடை கிடைத்துவிட்டது. 7 குஞ்சு பொரித்து ஏழும் கறுப்பு என்றால், சேவல் மறைத்து வைத்திருந்தும் அப்படி வர வாய்ப்பு 128இல் 1 மட்டுமே. இரண்டு குஞ்சைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வரவேண்டாம். நான் சொன்ன பங்குகள் எல்லாமே சராசரிதான், ஒவ்வொரு முட்டையும் தனிச் சீட்டு. ஒரே அடையில் சாம்பல் ஜோடிக்குக் கறுப்பு மட்டுமே பொரித்ததையும் பார்த்திருக்கிறேன், அதுவும் இயல்புதான்.

அப்புறம் அந்த வேறு சேவல் சந்தேகம். பெட்டையின் உடம்பில் சேவலின் விந்து இரண்டு மூன்று வாரம்கூட உயிரோடு தங்கும். சேவலை மாற்றிய மறுவாரமே முட்டையை அடைக்கு வைத்தால் பழைய சேவலின் குஞ்சும் கலந்துதான் வரும், அதை வைத்து எந்த நிறக் கணக்கும் போட முடியாது. குறைந்தது மூன்று வாரம், முடிந்தால் நான்கு வாரம் கழித்து முட்டையை எடுத்து வையுங்கள், முட்டையின் மேல் பென்சிலால் பெட்டையின் அடையாளத்தை எழுதுங்கள், குஞ்சு உலர்ந்ததும் காலில் வளையம் மாட்டி தாய் தகப்பன் நிறத்தோடு நோட்டில் எழுதி வையுங்கள். நிறம் மாறி வந்தது என்று இனி எழுதுபவர்கள் அந்த விவரத்தையும் சேர்த்து எழுதினால் எல்லோருமாக உட்கார்ந்து கணக்குப் பார்க்கலாம்.