ஜப்பான் வீடுகளில் தங்கியவர்கள் எழுதுங்கள்: ரோட்டரி நட்புப் பரிமாற்ற அனுபவங்கள்

ஈரோடு, ஜவுளி வியாபாரம்

நட்புப் பரிமாற்றம் என்றதும் "கிளப் செலவில் ஃபாரின் டூரா?" என்றுதான் ஊரில் கேட்கிறார்கள். சல்லிக்காசு கிடையாது. டிக்கெட், விசா, இன்சூரன்ஸ் எல்லாம் அவரவர் கைக்காசு. அந்த ஊர் ரோட்டரிக்காரர் வீட்டில் தங்க இடம் கொடுத்து, சோறு போட்டு, கூட்டிக்கொண்டு போவார். அவர்கள் இங்கே வரும்போது நாம் அதையே செய்ய வேண்டும். ஏற்பாடு அவ்வளவுதான். ஹிரோஷிமா பக்கம் போய்வந்த நம் ஆட்கள் ஆளுக்கொன்று எழுதுங்கள். கோயில் படம், புல்லட் ரயில் படம் வேண்டாம், யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது.

என் பங்குக்கு, அவர்களுடைய வாராந்திரக் கூட்டம். பன்னிரண்டரை என்றால் பன்னிரண்டரைக்கு மணி அடிக்கிறது. பாட்டு, சாப்பாடு, பிறகு 'நிக்கோ நிக்கோ' பெட்டி. பேத்தி பிறந்தாள், கால்ஃபில் ஜெயித்தேன், மனைவியின் பிறந்தநாளை மறந்து மாட்டிக்கொண்டேன் என்று ஏதாவது ஒரு காரணம் சொல்லிச் சிரித்துக்கொண்டே பணம் போடுகிறார்கள். அந்தப் பணம் சேவைத் திட்டங்களுக்குப் போகிறது. ஒன்றரைக்கு மறுபடி மணி, எல்லாரும் அலுவலகம் போய்விட்டார்கள். நாங்கள் ஒரு பை நிறையப் பொன்னாடை கொண்டு போயிருந்தோம். தலைவருக்கு ஒன்று போர்த்த முடிந்தது, மற்றதெல்லாம் பையிலேயே இருந்துவிட்டது. நம் கூட்டங்களில் போர்த்துவதற்கே அரைமணி நேரம் ஒதுக்குகிறோமே!

வருகைப் பதிவில் அவர்களுக்கு இருக்கும் பிடிவாதம் முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூத்த உறுப்பினர் ஒரு கதை சொன்னார். 1940இல் போர்க்காலக் கெடுபிடியில் ஜப்பான் சங்கங்கள் சர்வதேச ரோட்டரியை விட்டு விலக வேண்டியதாயிற்று. ஆனால் கூடுவதை நிறுத்தவில்லை. டோக்கியோக்காரர்கள் புதன்கிழமைக் கிளப் என்றும், ஒசாகாக்காரர்கள் வெள்ளிக்கிழமைக் கிளப் என்றும் கிழமைப் பெயரை வைத்துக்கொண்டு சந்தித்திருக்கிறார்கள். மறுபடி ரோட்டரியில் சேர்ந்தது 1949இல். அதைக் கேட்ட பிறகு நான் அந்தப் பதிவேட்டைக் கிண்டல் செய்யவில்லை.

தூத்துக்குடி, ஏற்றுமதி

அண்ணாச்சி, சாப்பாட்டு விஷயத்தை யாரும் எழுதலைன்னா நான் எழுதிடுறேன். நம்ம குழுவுல பாதிப்பேர் சுத்த சைவம். "மீன் வேண்டாம்"னு சொன்னா தட்டுல மீன் துண்டு வராது, சரி. சூப்புல? கீரையில? நூடுல்ஸ் சாறுல? எல்லாத்துலயும் ஒரே வாசம். வீட்டம்மாகிட்ட சைகையில கேட்டேன். உள்ள போய் ஒரு பழுப்புக் கட்டையை எடுத்துட்டு வந்தாங்க. கையில வாங்கினதுமே தெரிஞ்சுபோச்சு. சூரை வகை மீனை அவிச்சு, புகை போட்டு, கட்டை மாதிரி ஆகுற வரைக்கும் காயவச்சது. நம்ம ஊர் மாசிக் கருவாட்டுக்கு ஒண்ணுவிட்ட தம்பி! அவங்க அதுமேல பூஞ்சை ஏத்தி இன்னும் இறுக வைக்கிறாங்க. நாம இடிச்சு சம்பல் பண்ணுவோம், அவங்க இழைப்புளி பதிச்ச பெட்டியில பூ மாதிரி சீவி, சுடுதண்ணியில போட்டு வடிச்சு அந்தச் சாறுலதான் எல்லாத்தையும் சமைக்கிறாங்க.

நான் ரசிச்சுச் சாப்பிட்டேன், சைவக்காரங்க முழிச்சாங்க. அந்தம்மா கொஞ்சமும் அலுத்துக்கலை. அவங்க ஊர் பௌத்த மடங்கள்ல சைவச் சமையல் உண்டாம். காஞ்ச கடற்பாசியும் காளானும் ஊறவச்ச தண்ணிதான் அதுக்குச் சாறு. மறுநாள்லேருந்து அடுப்புல ரெண்டு பாத்திரம். போறவங்க எழுதிக் கொடுக்கும்போது "மீன் கூடாது"ன்னு மட்டும் போடாதீங்க, "மீன் சாறும் கூடாது"ன்னு சேர்த்துப் போடுங்க. ஊறுகாய் பாட்டில் நிறைய வேண்டாம், அவங்க மனசு கஷ்டப்படும்.

திண்டுக்கல், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை

நான் உறுப்பினர் இல்லை, உறுப்பினரின் மனைவி. நம் கிளப் பாஷையில் 'ஆன்'. (பெண்களைச் சேர்க்க 1989இலேயே விதி மாறிவிட்டது. இந்தப் பட்டத்தை எப்போது விடப்போகிறீர்களோ தெரியவில்லை.)

ஒரு தொடக்கப் பள்ளிக்கு மதிய வேளையில் கூட்டிப் போனார்கள். அன்றைய முறைக்காரப் பிள்ளைகள் வெள்ளை அங்கியும் தொப்பியும் மாட்டிக்கொண்டு பாத்திரங்களைத் தூக்கி வந்தார்கள், வகுப்பு முழுக்கப் பரிமாறினார்கள். ஆசிரியருக்கும் அதே சாப்பாடு, அதே அறையில். சாப்பிட்டு முடித்து மேசைகளை ஒதுக்கி, தரையை அவர்களே துடைத்தார்கள்.

1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவைக் கொண்டுவந்தபோது நான் புது ஆசிரியை. பசியோடு வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஜப்பானிலும் போர் முடிந்த காலத்தில் வெளிநாட்டு நிவாரணப் பால்பவுடரைக் கரைத்துக் கொடுத்துத்தான் பிள்ளைகளின் பசியை ஆற்றினார்கள். 1954இல் பள்ளி உணவுக்குத் தனிச் சட்டமே போட்டார்கள். இதை அந்தத் தலைமையாசிரியரோடு பேசியதுதான் என் பயணத்தில் உருப்படியான பகுதி.

ஆனால் திரும்பும்போது வண்டியில் நம் ஆட்கள் "பார்த்தீங்களா டீச்சர், நம்ம பிள்ளைங்களுக்கும் இப்படிப் பழக்கணும்" என்றார்கள். நான் வாய் திறக்கவில்லை. நம்மூர்ப் பள்ளியில் துடைப்பம் எந்தப் பிள்ளையின் கைக்குப் போகும் என்று எல்லாருக்கும் தெரியும். முறைவைத்து எல்லாப் பிள்ளையும் செய்வது ஒன்று, குறிப்பிட்ட பிள்ளையைக் கூப்பிட்டுச் செய்யச் சொல்வது வேறு. முதலாவது இங்கே நடக்கட்டும், நானே வந்து துடைப்பம் வாங்கித் தருகிறேன்.

சென்னை, முன்னாள் வங்கி அதிகாரி

சின்னத் திருத்தம். நான் போனது குழு ஆய்வுப் பரிமாற்றத்தில், 90களில். அது வேறு. 1965இல் தொடங்கி 2013 வாக்கில் நிறுத்திவிட்டார்கள். தலைவர் மட்டும் ரோட்டரிக்காரர், மற்றவர்கள் ரோட்டரியில் இல்லாத இளம் தொழில்முறையாளர்கள். செலவு ரோட்டரி அறக்கட்டளையுடையது. அவரவர் தொழில் அங்கே எப்படி நடக்கிறது என்று பார்ப்பதே வேலை. எனக்கென்னவோ அதை நிறுத்தியது நஷ்டம்தான். இப்போது போகிறவர்களில் பெரும்பாலோர் சொந்தச் செலவு செய்ய முடிந்த, தலை நரைத்தவர்கள்.

குன்னூர், மருத்துவர்

எங்களை வீட்டில் வைத்துக்கொண்டவர் பல் மருத்துவர், எழுபதைத் தாண்டியவர். அவருடைய அம்மா ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்ததில் பிழைத்தவர். அருங்காட்சியகத்துக்கு எங்களை உள்ளே அனுப்பிவிட்டு அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

பிறகு ஹிரோஷிமா கோட்டைக்குள் ஒரு மரத்தடிக்குக் கூட்டிப் போனார். இலையைக் கசக்காமலே தெரிந்தது, எங்கள் நீலகிரி முழுக்க நிற்கிற தைலமரம். 1945 ஆகஸ்ட் 6இல் குண்டு வெடித்த இடத்திலிருந்து இது 740 மீட்டர்தான். கருகியும் சாகாமல் மறுபடி துளிர்த்திருக்கிறது. இப்படித் தப்பிய மரங்களுக்கெல்லாம் பெயர்ப்பலகை மாட்டி, எந்த மரம் எவ்வளவு தூரத்தில் நின்றது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் மலையில் தைலமரத்தை நிலத்தடி நீரைக் குடிக்கும் அந்நியன் என்று திட்டுவோம், நானும் திட்டியிருக்கிறேன். இது வேறு கணக்கு.

அவர் மனைவி டெல்லியில் போலியோ சொட்டு மருந்து முகாமுக்கு வந்தவராம். இயற்கையான போலியோ வைரஸால் பாதிக்கப்பட்ட இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டறியப்பட்ட குழந்தை என்பது அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. நம் குழுவில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஈரோடு, ஜவுளி வியாபாரம்

டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். டீச்சர், 'ஆன்' விஷயத்தை அடுத்த நிர்வாகக் குழுவில் வைக்கிறேன்.

ஜப்பான்காரர்கள் மார்கழியில் வருகிறார்கள். ஓட்டலில் ரூம் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று சிலர் பேசுவது காதில் விழுகிறது. அது நடக்காது. தங்க வைப்பவர்கள் வீட்டுப் பெண்களையும் கேட்டுவிட்டுப் பெயர் கொடுங்கள், வேலை முழுக்க அவர்கள் தலையில்தான் விழப்போகிறது. காரம் குறைத்த சாம்பார், கொசுவலை, சுடுதண்ணீர் தயாராக இருக்கட்டும். பொன்னாடை ஆளுக்கு ஒன்று போதும்.