விமானியின் காதுக்குப் போகாத சொல்

*ஆரணி வீடு – குடும்பக் குழு*

செழியன், இரவு 8:12
பெரியப்பா, காலேஜ் செமினாருக்குப் போர் விமானங்களின் ரகசியத் தகவல்தொடர்பை எடுத்திருக்கிறேன். நம் வாட்ஸ்அப்பிலேயே செய்தியைப் பூட்டும் என்க்ரிப்ஷன் இருக்கிறது, அதையே விமானத்திலும் போட்டுவிட்டால் போதாதா?

பெரியப்பா, 8:20
போதாது தம்பி. பூட்டுப் போடுவது பாதி வேலைதான். நீ பேசுவது எதிரிக்குப் புரிய வேண்டும் என்றே இல்லை, அதே அலைவரிசையில் இரைச்சலைக் கொட்டினால் நம் ஆளுக்கும் ஒன்றும் கேட்காது. பெங்களூரு ஜாலஹள்ளியில் விமானப்படை ரேடியோ ஃபிட்டர் பயிற்சியின்போது எங்கள் வாத்தியார் ஹெட்செட்டில் இரைச்சலை ஏற்றிவிட்டு ஒரு உத்தரவைப் படித்து, கேட்டதை எழுதச் சொல்வார். முதல் நாள் என் நோட்டில் இரண்டே சொல்தான் இருந்தது.

மாலதி அத்தை, 8:24
பாகிஸ்தானிடம் பிடிபட்ட நம் விமானி அபிநந்தனுக்கும் அப்படித்தான் ஆனது என்று பேப்பரில் வந்ததே அண்ணா? நம் திருவண்ணாமலை மாவட்டத்துக் குடும்பம் வேறு. அவர் திரும்பி வரும்வரை எனக்குத் தூக்கமே இல்லை.

பெரியப்பா, 8:31
ஆமாம்மா. 2019 பிப்ரவரி 27. திரும்பி வரச் சொன்ன உத்தரவு ஜாமிங்கால், அதாவது எதிரி கொட்டிய இரைச்சலால், அவருடைய மிக்-21 போர் விமானத்துக்குப் போய்ச் சேரவில்லை என்றுதான் அப்போது செய்தி வந்தது. அதைப் படித்ததும் அந்த இரண்டு சொல் நோட்டுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

செழியன், 8:33
அப்போது அதற்கு என்னதான் வழி?

பெரியப்பா, 8:45
பாண்டி ஆடுவது போலத் தாவ வேண்டும். ஒரே அலைவரிசையில் நின்றால்தானே எதிரி அடிப்பான். நேட்டோ நாடுகள் வைத்திருக்கும் லிங்க்-16 என்ற ராணுவ ரேடியோ இணைப்பில் 51 அலைவரிசைகள், நொடிக்குச் சுமார் 77,000 தாவல். எந்தக் கட்டத்துக்கு அடுத்து எந்தக் கட்டம் என்பது நம் இரண்டு ரேடியோவுக்கு மட்டும்தான் தெரியும், அதுவும் இரண்டின் கடிகாரமும் ஒத்துப்போனால்தான், கொஞ்சம் பிசகினாலும் நம் ஆள் ஒரு கட்டத்தில் நிற்பான், நீ வேறொன்றில் நிற்பாய். செமினாரில் இந்தக் கடிகார விஷயத்தை விட்டுவிடாதே, எல்லோரும் என்க்ரிப்ஷன் பூட்டின் சாவியைப் பற்றியே பேசுவார்கள். அப்புறம் மலை. சாதாரண விமான ரேடியோ நேர்கோட்டில்தான் போகும், மலைக்குப் பின்னால் போனால் அறுந்துவிடும். விமானப்படைக்கென்றே 2018 டிசம்பர் 19 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜிசாட்-7ஏ செயற்கைக்கோள் போனது இதற்கும் சேர்த்துத்தான்.

செழியன், 8:50
குறித்துக்கொண்டேன். வருவது நம் விமானமா எதிரி விமானமா என்று கண்டுபிடிக்கும் ஐஎஃப்எஃப் கருவி கூட இதில் வருமா?

பெரியப்பா, 9:02
கட்டாயம் வரும். தரையிலிருந்து சங்கேதத்தில் 'நீ யார்' என்று கேட்கும், சரியான பதில் வந்தால் நம் விமானம். அதே பிப்ரவரி 27 காலையில் காஷ்மீரின் பட்காமில் நம் எம்ஐ-17 ஹெலிகாப்டர் விழுந்தது. அடித்தது நம் ஏவுகணைதான், பெரிய தவறு என்று அக்டோபரில் அன்றைய விமானப்படைத் தளபதி பதௌரியாவே வெளிப்படையாகச் சொன்னார். அபிநந்தனை ஊரே பேசியது, அந்த ஹெலிகாப்டரில் போனவர்களைப் பற்றிப் பேச ஆளில்லை. எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை செழியா, நம் ஆளை நம் ஆளுக்கே அடையாளம் தெரியாமல் போவதைவிடக் கொடுமை வேறு என்ன இருக்கிறது.

செழியன், 9:06
முதல் ஸ்லைடிலேயே பட்காமைப் போடுகிறேன் பெரியப்பா. இறந்தது ஆறு பேர் என்று பார்த்தேன்.

பெரியப்பா, 9:07
ஹெலிகாப்டரில் ஆறு பேர். கீழே ஊர்க்காரர் ஒருவரும் போய்விட்டார். ஏழு என்று எழுது.