இந்த ஐப்பசியில் நம்ம குசினிக்குப் புதிதாக வந்தவை

மேற்பிரிவு அக்கா, தலவாக்கலை

ஐப்பசி மழை இந்த முறை தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துக்குப் பின்னால் நின்ற சௌசௌப் பந்தலைச் சாய்த்துவிட்டது. பன்னிரண்டு வருசப் பந்தல். முளைவிட்ட ஒரே ஒரு காயை என் மாமியார் முழுசாக ஊன்றி வைத்ததில் வந்தது. சௌசௌவுக்கு விதையைத் தனியாக எடுத்து நடுகிற பழக்கம் இல்லை. காய்க்குள்ளேயே விதை முளைத்து, நாக்கை நீட்டுவது போல வெளியே வரும். காயோடு அப்படியே புதைக்க வேண்டியதுதான்.

பந்தல்கால் உளுத்துப்போயிருந்தது. தீபாவளிக்கு முன்னால் இடத்தைத் துப்புரவாக்கிவிடலாம் என்று மகன் மண் கிளறுகிற முள்ளை எடுத்துக்கொண்டு போய் வேரைக் கிளப்பினான். கொஞ்ச நேரத்தில், "அம்மா, இங்க கீழ மரவள்ளி மாதிரி ஏதோ கெடக்கு" என்று சத்தம் போட்டான்.

போய்ப் பார்த்தேன். ஒரு முழ நீளத்தில் நாலைந்து கிழங்குகள் கொத்தாகக் கிடந்தன. நடுப்பகுதி என் மணிக்கட்டை விடத் தடிப்பு. தோல் மண்ணிறம், நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது. கீறின இடத்தில் உடனே பசை கட்டியது. அதைப் பார்த்ததும் எனக்குப் பயம்தான் வந்தது, குப்பைக் குழியில் போட்டுவிடு என்று மகனிடம் சொன்னேன்.

பக்கத்துக் காம்பராப் பெரியம்மா இஸ்தோப்பில், அதாவது முன்திண்ணையில், உட்கார்ந்திருந்தார். "அது சௌசௌக் கெழங்கு புள்ள. எங்க அம்மாயி அவிச்சுக் குடுத்திருக்கு. சோறு இல்லாத காலத்துல நாங்களும் தோண்டித் தின்னோம். அப்புறம் யாரு தோண்டுனா?" என்றார். 1973, 74இல் தோட்டங்களில் பட்டினி கிடந்த காலத்தைத்தான் அவர் அப்படிச் சொல்வார். அரிசியும் மாவும் கிடைக்காமல் எத்தனையோ குடும்பங்கள் லயத்தை விட்டுப் போனதை வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பெரியம்மா அந்தக் காலத்தைப் பற்றி அதிகம் பேச மாட்டார். அன்றைக்கு அந்த ஒரு வார்த்தையோடு எழுந்து வந்து, கிழங்கைக் கையில் எடுத்து, எது இளசு எது முற்றல் என்று பிரித்துப் போட்டுக் கொடுத்தார்.

மகன் போனில் தேடிப் பார்த்தான். இந்தக் கொடி மெக்சிக்கோ பக்கத்திலிருந்து வந்ததாம். அங்கே காய், இளங்கொழுந்து, கிழங்கு மூன்றையும் சாப்பிடுகிறார்கள், கிழங்கு சந்தைக்கும் வருமாம்.

தோல் சீவுவதற்கு முன்னால் கைக்குத் தேங்காயெண்ணெய் பூசிக்கொள்ளுங்கள். சௌசௌக் காய் வெட்டும்போது கை மரத்துப்போய்த் தோல் உரிகிற மாதிரி வருமே, கிழங்கின் பசையும் அதே மாதிரிதான் ஒட்டுகிறது. நான் தண்ணீர்ச் சட்டிக்குள் வைத்தே சீவினேன். முதலில் இளசு இரண்டை உப்புப் போட்டு அவித்தேன். உருளைக்கிழங்கு போல மாவாக உதிரவில்லை, மரவள்ளி அளவுக்கு நாரும் இல்லை. மெல்லிய இனிப்பு. கட்டச் சம்பலோடு வைத்ததில் பிள்ளைகள் சட்டியைக் காலி செய்துவிட்டார்கள்.

முற்றலை மறுநாள் பால் கறி வைத்தேன். வட்டமாக நறுக்கினால் நடுவில் ஒரு நரம்பு ஓடுவது தெரியும், அதைக் கிள்ளி எடுத்துவிட வேண்டும். தண்ணீர்ப்பதமான கப்பிப் பாலில் பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், வெந்தயம், மஞ்சள், ரம்பை, கறிவேப்பிலை போட்டு வேகவிட்டு, வெந்த பிறகு முதல் பால் ஊற்றி ஒரு கொதியோடு இறக்கினேன். கிழங்கே குழம்பைக் கெட்டியாக்கிவிட்டது. ரொட்டியைக் கிழித்து அந்தக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டுப் பாருங்கள்.

எல்லாக் கிழங்கையும் எடுத்தால் கொடி செத்துப்போகும். அதனால் கொடிக்கட்டையோடு இரண்டு கிழங்கை விட்டு, மண்ணை அணைத்துப் புதுக் கால் நட்டிருக்கிறோம்.

பன்னிரண்டு வருசமாக அந்தக் கிழங்கின் மேலே நின்றுதான் காய் பறித்தேன். பெரியம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அவர் அன்றைக்கு இஸ்தோப்பில் இல்லையென்றால் அது குப்பைக் குழிக்குத்தான் போயிருக்கும். அதை நினைத்தால் இன்னும் நெஞ்சுக்குள் என்னவோ செய்கிறது. உங்கள் வீட்டுக்கு இந்த மாதம் என்ன புதிதாக வந்தது? யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

பண்டாரவளைத் தங்கச்சி

அக்கா, நாங்கள் சௌசௌக் கொழுந்தைக் கிள்ளித் தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டுவோம். கிழங்கு இருக்கும் என்று இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு வந்தது மரத்தக்காளி. சந்தையில் வெலிமடைப் பக்கத்து அம்மா ஒருவர் கோழிமுட்டை வடிவத்தில் சிவப்பும் மஞ்சளுமாகக் குவித்து வைத்திருந்தார். சிங்களத்தில் கஸ் தக்காளி. தக்காளி விலை ஏறியிருந்ததால் கறிக்குப் போடலாம் என்று அரைக் கிலோ வாங்கினேன். தோலோடு நறுக்கிப் பருப்பில் போட்டேன். ஒரே கசப்பு, பருப்பு முழுதும் வீணாகிவிட்டது.

அடுத்த வாரம் அந்த அம்மாவிடமே போய்ச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தோலை யாராவது தின்பார்களா மகள், நெருப்பில் போட்டுச் சுடு" என்றார்.

விறகடுப்புத் தணலில் காம்போடு வைத்தேன். இரண்டு நிமிசத்தில் தோல் படக்கென்று வெடித்து ஓரத்தில் சாறு நுரைத்து வந்தது. காம்பைப் பிடித்துக்கொண்டு, விரலைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு உரித்தால் தோல் ஒரே வீச்சில் கழன்றுவிடும். பழத்தைப் பிளந்தால் உள்ளே விதையைச் சுற்றிக் கருஞ்சிவப்பாக, பீட்ரூட் வெட்டின மாதிரி இருக்கும். அந்தச் சாறு துணியில் பட்டால் போகாது, வெள்ளைச் சட்டையோடு நிற்க வேண்டாம். காஸ் அடுப்பு மட்டும்தான் இருக்கிறது என்றால், அடியில் கத்தியால் சிலுவை மாதிரி கீறிக் கொதிநீரில் ஒரு நிமிசம் போட்டு எடுத்தாலும் தோல் வரும். ஆனால் சுட்ட மணம் கிடைக்காது, எனக்குச் சுட்டதுதான் பிடிக்கிறது.

நாலு பழம், சின்ன வெங்காயம் எட்டு, பச்சை மிளகாய் மூன்று, ஒரு கரண்டி மாசிக் கருவாட்டுத் தூள், உப்பு. அம்மியில் வெங்காயத்தையும் மிளகாயையும் தட்டி, கடைசியாகப் பழத்தைப் போட்டு ஒரு நசுக்கு. தேசிக்காய் தேவையே இல்லை, பழத்தின் புளிப்பே போதும். வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு மாசி கூடாது, வறுத்த நிலக்கடலையை இடித்துப் போட்டேன். அது இன்னும் ருசி. மஞ்சள் பழத்தில் புளிப்புக் குறைவு, சீனி தூவிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்.

விதையைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்திருக்கிறேன். இரண்டு வருசத்துக்குள் காய்க்கும் என்கிறார்கள். வேர் ஆழமாகப் போகாதாம், காற்றுக்குச் சாயும், அதனால் சுவர் ஓரமாக நடப்போகிறேன்.

நுவரெலியாத் தம்பி

எனக்குப் புதுப் பொருள் எதுவும் வரவில்லை அக்கா. தோசை வந்தது. அதை எழுதலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மனைவி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் ஏழு மாதம். சமையல் இப்போது என் கையில்தான். தீபாவளிக்கு அம்மா சுடுகிற தோசை வேண்டும் என்று சின்னவள் கேட்டாள். எங்கள் ஊர் 1868 மீற்றர் உயரம், ஐப்பசி மழைக் குளிரில் மாவு புளிக்கவே புளிக்காது. இரண்டு ராத்திரி வைத்தும் அரைத்து ஊற்றின மாதிரியே கிடந்தது. சரி என்று மூன்றாம் முறை ரைஸ் குக்கரில் 'வார்ம்' போட்டு வைத்தேன். காலையில் ஓரமெல்லாம் வெந்து களியாகியிருந்தது. அந்தச் சூடு மாவுக்கு மிக அதிகம். புளிக்க வைக்கிற கிருமியே அதில் செத்துவிடும்.

மனைவியிடம் கேட்டபோது அவள் சிரிக்கவில்லை, பொறுமையாகச் சொன்னாள். மீன் கடையில் ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டி ஒன்று கேட்டு வாங்கு, நன்றாகக் கழுவிக் காயவை. மூன்று சுண்டு அரிசிக்கு ஒரு சுண்டு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். அரைத்த மாவைக் கையால் கரைத்துப் பெட்டிக்குள் வை. இரண்டு போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பித் துணி சுற்றிப் பக்கத்தில் வை, மூடு. படுக்கப் போகும் முன் தண்ணீரை ஒருமுறை மாற்று.

காலையில் மூடியைத் திறந்தபோது மாவு சட்டியின் விளிம்பு வரை ஏறி, மேலே சின்னச் சின்னக் குமிழ் வெடித்துக்கொண்டிருந்தது. புளித்த வாசம் குசினி முழுக்க. வீடியோவில் மனைவிக்குக் காட்டினேன். அவளுக்குப் பேச்சு வரவில்லை, எனக்கும்தான்.

இன்னொன்றும் அவள்தான் சொன்னாள். இந்த உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். அதனால்தான் கடலையும் பருப்பும் திறந்த சட்டியில் எவ்வளவு கொதித்தாலும் லேசில் மசியாது. கொழும்பில் இருபது நிமிசம் என்று எழுதியிருப்பதை இங்கே நம்பக் கூடாது. பிரஷர் குக்கர் இல்லாவிட்டால் முதல் நாளே ஊறப்போட்டுவிடுங்கள்.

மஸ்கெலியா டீச்சர்

தம்பி, உங்கள் மகள் கொடுத்துவைத்தவள்.

எங்கள் தோட்டத்துக்குக் கீழே உள்ள சிங்களக் கிராமத்தில் ஒரு நோனா இருக்கிறார். அவருடைய பேரன் என்னிடம் தமிழ் படிக்கிறான். காசு வாங்க மாட்டேன் என்றதால் இந்த மாதம் கடதாசிப் பையில் ஒரு கிலோ கித்துள் மா, அதாவது கூந்தற்பனை மா, அனுப்பியிருந்தார். கித்துள் பாணி தெரியும், கருப்பட்டி தெரியும், மாவை நான் இதுவரை தொட்டதில்லை. எப்படிக் கிண்டுவது என்று கேட்கப் போனேன், இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு வந்தேன்.

கித்துள் மரம் உச்சியில் முதல் பாளையைத் தள்ளும். அதன்பின் கீழே கீழே என்று இறங்கிவரும், கடைசிப் பாளையோடு மரத்தின் ஆயுசு முடிந்துவிடும். பாளையைச் சீவி எடுக்கிற பதநீர்தான் பாணியாகிறது. மாவு மரத்தின் தண்டுக்குள் இருக்கிறது. வெட்டின தண்டைப் பிளந்து, உள்சோற்றை இடித்து, தண்ணீரில் கரைத்து வடித்து, அடியில் படிகிற மாவைத் திரும்பத் திரும்பக் கழுவிக் காயவைப்பார்களாம். ஒரு கிலோ மாவுக்கு எத்தனை குடம் தண்ணீர் போயிருக்கும்! கண்டிப் பெரஹராவுக்கு வருகிற யானைகளுக்கும் கித்துள் மட்டைதான் பிரியமான தீனி என்று நோனா சொன்னார்.

மாவு பார்வைக்கு லேசான சாம்பல் நிறம். ஒரு கப் மாவை இரண்டு கப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து வடிகட்ட வேண்டும், சுடுதண்ணீரில் போட்டால் கட்டி கட்டியாகிவிடும். அதில் இரண்டு கப் தேங்காய்ப்பால், ஒரு சிட்டிகை உப்பு, சின்னத் தீ. கை நிறுத்தக் கூடாது. முதலில் ஒன்றும் நடக்காது. திடீரென்று அடியில் ஒரு கனம் தெரியும், அகப்பை இழுக்கும். சாம்பல் நிறம் போய் மண்ணிறமாகி, பிறகு கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும். சட்டியை விட்டுச் சுருண்டு வரும்போது எண்ணெய் தடவிய தட்டில் கொட்டி ஆறவிட்டு, துண்டு போட்டுக் கித்துள் பாணியோடு சாப்பிட வேண்டும். வாயில் போட்டால் வழுக்கிக்கொண்டு போகும். உடம்புக்குக் குளிர்ச்சி என்பது நோனாவின் பேச்சு.

தீபாவளியன்று நான் முறுக்கு கொண்டு போனேன். அவர் அந்தக் கித்துள் களியே இன்னும் ஒரு சட்டி கிண்டி வைத்திருந்தார்.

இறத்தோட்டையிலிருந்து

ஒரு சின்ன எச்சரிக்கை மட்டும். எங்கள் பக்கத்தில் ஓடைக் கரையில் முளைக்கிற மீவனக் கீரையை இந்த மழைக்கு நிறையப் பறித்தோம். நுனி நத்தை மாதிரி சுருண்டிருக்கும் பன்னக் (பெரணி) கொழுந்து. தேங்காய்ப்பால், கொரக்காப்புளி போட்டு வைத்தால் மீன் கறி மாதிரி இருக்கும். ஆனால் சுருண்ட நுனியைக் கண்டதும் எல்லாப் பன்னத்தையும் பறித்துவிடாதீர்கள். பத்தனைப் புல்வெளியிலும் மலைச்சரிவிலும் காடாக நிற்கிற பெரிய பன்னம் வேறு சாதி, அதில் நஞ்சு இருக்கிறது. நான் சந்தையில் விற்கிற ஆச்சியோடு மூன்று முறை கூடப் போய்ப் பழகின பிறகுதான் தனியாகப் பறிக்கிறேன். பச்சையாகவும் சாப்பிட வேண்டாம், நன்றாக வேகவையுங்கள்.

மேற்பிரிவு அக்கா, தலவாக்கலை

தங்கச்சி, மரத்தக்காளி அட்டனில் கிடைத்தது. சுட்டு, நிலக்கடலை போட்டு, மிச்சமிருந்த கிழங்கை அவித்துச் சேர்த்து வைத்தேன். கிழங்கின் இனிப்புக்கும் அந்தப் புளிப்புக்கும் அப்படி ஒரு பொருத்தம்.

பெரியம்மாவுக்கும் ஒரு கோப்பையில் கொண்டு போனேன். கிழங்கை மசித்துக் கொடுத்தும் மெதுவாகத்தான் சாப்பிட்டார், வாயில் பல் ஒன்றுகூட இல்லை. கித்துள் களி பற்றி வாசித்துக் காட்டினேன். "அது வழுக்கிக்கிட்டு போகும்னா எனக்குச் செஞ்சு தா" என்றார். டீச்சர், அடுத்த முறை நோனாவிடம் போகும்போது எனக்கும் அரைக் கிலோ வாங்கி வையுங்கள். சனிக்கிழமை அட்டன் பஸ் நிலையத்துக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன்.