தண்ணி வராத ஊரில் ரேட்ஸ் (நகராட்சிக்குக் கட்டும் சொத்து வரி) கட்டாமல் நிறுத்துவது நியாயமா?

டோங்காட்வாசி:
2022 ஏப்ரல் வெள்ளத்தில் தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்திலுள்ள எங்கள் டோங்காட்டின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் நாசமானது. பிறகு பல மாதம் குழாயைத் திறந்தால் காற்றுதான். டேங்கர் வருமென்று வாளியோடு தெருமுனையில் நின்றோம். வயதான ஆயாக்கள் 25 லிட்டர் கேனைத் தள்ளுவண்டியில் வைத்து மேட்டில் ஏற்றினார்கள். இப்போதும் சப்ளை அடிக்கடி நின்றுபோகிறது. ரேட்ஸ் பில் மட்டும் ஒரு மாதமும் தவறியதில்லை.

ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக் சொன்னது இதற்குப் பொருந்தும். ஆட்சி மக்கள் நம்பி ஒப்படைத்த பொறுப்பு. அதைக் காப்பாற்றாத ஆட்சியிடமிருந்து அதிகாரம் மக்களிடமே திரும்பிவிடும். 2023-இல் டர்பனில் பலர் ரேட்ஸை நிறுத்திவைத்தார்கள். நாமும் நிறுத்த வேண்டும்.

வெருலம் வாத்தியார்:
தம்பி, நானும் அந்த வரிசையில் நின்றவன்தான். ஆனால் லாக் அந்த உரிமையைச் சமூகம் முழுவதற்கும் கொடுத்தார், தனி வீட்டுக்காரனுக்கு அல்ல. மொகாகா நகராட்சி வழக்கைப் பாருங்கள். குரூன்ஸ்டாட்டில் ஓர் அம்மா கரண்ட் பில்லைக் கட்டிவிட்டு, சேவை சரியில்லை என்று ரேட்ஸை மட்டும் நிறுத்தினார். கவுன்சில் கரண்டை வெட்டியது. 2013-இல் அரசியல் சாசன நீதிமன்றம் கவுன்சில் பக்கம்தான் தீர்ப்பளித்தது.

இன்னொன்று. ஏழை வீடுகளுக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசத் தண்ணீர் என்பது இந்த நாட்டின் கொள்கை. கட்ட முடிந்தவர்கள் கட்டினால்தான் அது நடக்கும். தண்ணீர் சேமிக்க ஜோஜோ டேங்க் வைத்திருக்கும் வீடு ரேட்ஸை நிறுத்தினால் அடி விழுவது டேங்க் இல்லாத வீட்டுக்கு.

2021 ஜூலைக் கலவரத்தையும் மறக்கக்கூடாது. போலீஸ் வரவில்லை; இந்தியர் அதிகம் வாழும் ஃபீனிக்ஸில் ஜனங்களே சாலையை மறித்துக் காவல் நின்றார்கள். பயத்தில்தான் தொடங்கியது. ஃபீனிக்ஸிலும் சுற்றுப்புறத்திலும் 36 பேர் செத்தார்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர். வழியில் வந்தவனை நிறுத்தி விசாரிக்க அங்கே யாருக்கு அதிகாரம் இருந்தது? ஆட்சி இல்லாவிட்டால் ஆளுக்கு ஆள் சண்டைதான் என்ற தத்துவஞானி ஹாப்ஸ் பயந்தது இதற்குத்தான்.

டோங்காட்வாசி:
போலீஸ் வராததற்கு நாங்களா காரணம் ஐயா? கடமையை முதலில் கைவிட்டது அரசு. அதற்கும் பழி எங்கள் தலையிலா?

பேவியூ பொண்ணு:
இரண்டு பேரும் மக்களுக்கும் ஆட்சிக்கும் நடுவே ஓர் ஒப்பந்தம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே பேசுகிறீர்கள். அதில் யார் கையெழுத்துப் போட்டது? இங்கேயே வாழ்கிறாய், அதனால் சம்மதித்தாய் என்று லாக் சொல்வார். 1748-இல் தத்துவஞானி ஹ்யூம் அதற்குப் பதில் சொன்னார்: தூங்கும்போது கப்பலில் ஏற்றப்பட்டவன், கடலில் குதிக்கவில்லை என்பதற்காகக் கேப்டனுக்குச் சம்மதித்தான் என்று ஆகுமா?

நம் கதை அதைவிடக் கொடுமை. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் மதராசிலிருந்து இங்கே கூலி வேலைக்கு முதன்முதலில் வந்த நம் ஆட்கள் ஐந்து வருட ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தவர்கள். பிற்பாடு, ஒப்பந்தம் முடிந்தும் இங்கேயே தங்கியவர்கள் மேல் வருடத்துக்கு 3 பவுண்ட் வரி போட்டார்கள். 1913 வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான், 1914-இல் அது ஒழிந்தது. 1927-இல் ஊருக்குத் திரும்பினால் பெரியவர்களுக்கு 20 பவுண்ட் தருகிறோம் என்றார்கள். போகாமல் இருந்தவர்கள் எல்லாரும் அந்த ஆட்சியை ஏற்றுக்கொண்டார்கள் என்று யாராவது சொல்வோமா? வயிற்றுப்பாட்டுக்கும் பிள்ளைகளுக்காகவும் இருந்தார்கள், அவ்வளவுதான்.

1984 ஆகஸ்டில், வெள்ளையர், கலப்பினத்தவர், இந்தியர் என்று தனித்தனி சபை வைத்த முச்சபை நாடாளுமன்றத்தில் இந்தியருக்கென்று ஒரு சபை கொடுத்தார்கள். பதிவான வாக்காளர்களில் ஏறக்குறைய 20 விழுக்காட்டினர்தான் ஓட்டுப் போட்டார்கள். சபை கூடியது, சம்பளம் வாங்கியது, சட்டம் போட்டது. ஆனாலும் நம் ஜனங்களின் பேரில் பேசுகிறோம் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. வேண்டாம் என்று சொல்ல முடிந்தால்தான் சம்மதத்துக்கு மதிப்பு. அதனால் டோங்காட் அண்ணா பக்கம்தான் நான். ஒன்று மட்டும்: வீட்டுக்குள் இருந்துகொண்டு பில்லைக் கிழித்துப்போடுவது போராட்டம் இல்லை. 1946-இல் இந்தியரின் நில உரிமையைக் கட்டுப்படுத்திய சட்டத்தை எதிர்த்து, நட்டால் இந்தியக் காங்கிரஸ் தலைவர் டாக்டர் நாயக்கரோடு டர்பன் உம்பிலோ ரோட்டில் கூடாரம் போட்டவர்கள், சட்டத்தை மீறினோம், பிடித்துக்கொள் என்று வெளிப்படையாக நின்றார்கள். ஏறக்குறைய 2,000 பேர் ஜெயிலுக்குப் போனார்கள்.

வெருலம் வாத்தியார்:
மகளே, 1946-இலும் 1984-இலும் நம்மை ஆண்டவர்களை மாற்ற நமக்கு வழியே இல்லை. 1994-க்குப் பிறகு இருக்கிறது. 2021 உள்ளாட்சித் தேர்தலில் நாடு முழுக்கப் பதிவானவர்களில் பாதிப்பேர் கூட ஓட்டுப் போடவில்லை. கையில் இருக்கும் ஓட்டைப் போடாமல் விட்டுவிட்டு, சம்மதம் கேட்கவில்லை என்பது எனக்கு ஒப்பவில்லை.

பேவியூ பொண்ணு:
போடாததும் ஒரு பதில்தான் ஐயா. 1984-இல் அதைத்தான் கொண்டாடினோம்.

டோங்காட்வாசி:
ஓட்டு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை, தண்ணி தினமும் வேண்டும். பணத்தை ஏமாற்றச் சொல்லவில்லை. வக்கீலின் டிரஸ்ட் கணக்கில் போட்டு வைப்போம், தண்ணி வந்ததும் கொடுப்போம்.

வெருலம் வாத்தியார்:
அங்கே போட்டாலும் கவுன்சில் கணக்கில் அது பாக்கிதான், வட்டி ஏறும். ஆனால் நகராட்சி நிர்வாகச் சட்டத்தின் 102-ஆம் பிரிவு ஒரு வழி வைத்திருக்கிறது. குறிப்பிட்ட ஒரு தொகையைத் தகராறாகப் பதிவு செய்தால், அந்தத் தொகையைக் காட்டி கரண்டை வெட்ட முடியாது. குழாயில் காற்று போனாலே மீட்டர் ஓடுகிறது. ஓடாத மாதம் ரீடிங் எடுக்காமலே உத்தேசமாகப் போடுகிறார்கள். பில்லில் அந்த வரியை மட்டும் பிடியுங்கள், நானே எழுதித் தருகிறேன். ரேட்ஸைக் கட்டிவிடுங்கள்.

டோங்காட்வாசி:
எழுதித் தாருங்கள் ஐயா, என் பில்லோடு தெருவில் எல்லார் பில்லையும் கொண்டு வருகிறேன். ஆனால் ரேட்ஸை இந்த மாதம் நான் கட்டப்போவதில்லை. வெட்டினால் வெட்டட்டும், என் பெயரைப் போட்டே கவுன்சிலுக்குக் கடிதம் கொடுக்கிறேன்.