இணையத்தை நிறுத்திவிட்டால் பழைய தொடர்புச் சாதனங்கள் எந்த அளவுக்குக் கைகொடுக்கும்?

வேம்பு கேட்டது:

வணக்கம். 2011 ஜனவரி இறுதியில் எகிப்து அரசு இணையத்தை நிறுத்தியபோது, மக்கள் டயல்-அப் மோடம் (தொலைபேசி இணைப்பு வழியே கணினியை இணையத்தோடு சேர்க்கும் பழைய கருவி) வழியாக வெளியுலகைத் தொடர்புகொண்டதாகப் படித்தேன். நாட்டிலேயே இணையம் இல்லாதபோது டயல்-அப் மட்டும் எப்படி இயங்கியது என்பது எனக்கு விளங்கவில்லை. ஹாம் வானொலி (உரிமம் பெற்ற ஆர்வலர்கள் தமக்குள் பேசிக்கொள்வது), சிற்றலை வானொலி (நெடுந்தொலைவு செல்லும் ஷார்ட்வேவ் ஒலிபரப்பு) ஆகியவையும் இத்தகைய நேரத்தில் மாற்றாக அமையும் என்கிறார்கள். இவற்றில் உண்மையாகவே பயன்பட்டவை எவை என்று விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

செப்புக்கம்பி எழுதியது:

அன்று எகிப்தின் பெரிய இணையச் சேவை நிறுவனங்கள் தம் வலையமைப்புகளின் வழித்தட அறிவிப்புகளை ஏறக்குறைய ஒரே நேரத்தில் திரும்பப் பெற்றன. சுமார் 3,500 வழித்தடங்கள் மறைந்ததால், எகிப்துக்குத் தரவை எந்த வழியில் அனுப்புவது என்பதே உலகின் மற்ற கணினிகளுக்குத் தெரியாமல் போயிற்று. ஆனால் தரைவழித் தொலைபேசி தொடர்ந்து இயங்கியது. மோடம் தரவை ஒலியாக மாற்றிச் சாதாரணத் தொலைபேசி அழைப்பிலேயே அனுப்புவதால், கெய்ரோவில் இருப்பவர் பாரிஸில் உள்ள எண்ணுக்கு ஐ.எஸ்.டி. போட்டால், அவருடைய கணினி இணையத்தில் நுழையும் வாசல் பாரிஸாகிவிடும். உள்நாட்டு இணையம் இருக்கிறதா இல்லையா என்பது அங்கே பொருட்டே இல்லை. பிரான்சின் எஃப்.டி.என். என்ற இலாப நோக்கமற்ற அமைப்பு அப்படி ஓர் எண்ணை எல்லோருக்கும் திறந்துவிட்டது. பயனர் பெயர், கடவுச்சொல் இரண்டுமே 'டோட்டோ' என்று வைத்திருந்தார்கள்.

இதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். மோடத்தின் உச்ச வேகம் நொடிக்கு 56 கிலோபிட். அந்த வேகம் முழுமையாகக் கிடைத்தாலும் ஒரு மெகாபைட் படத்தை இறக்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும், அதுவரை ஐ.எஸ்.டி. கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே இது எழுத்துச் செய்திக்கான வழியே. மோடம் இல்லாதவர்களுக்கு, கூகுளும் ட்விட்டரும் சேர்ந்து அப்போது தொடங்கிய குரல்வழிச் சேவை எளிதாக இருந்தது: வெளிநாட்டு எண்ணை அழைத்துப் பேசினால், அந்தப் பதிவு ட்விட்டரில் வெளியாகும்.

அலைவரிசை எழுதியது:

ஹாம் வானொலியைப் பற்றி ஒரு வேறுபாட்டை வலியுறுத்த விரும்புகிறேன். 2004 ஆழிப்பேரலையின்போது அந்தமானில் அது பெருந்துணையாக இருந்தது உண்மை. ஆனால் பேரிடரில் அரசும் ஹாம்களும் ஒரே பக்கம் நிற்கிறார்கள். இணையத்தை முடக்குவது அரசே என்றால், உரிமம் கொடுத்ததும் அதே அரசுதான். பிறருக்குப் புரியாதபடி செய்தியை மாற்றி அனுப்பும் மறைகுறியாக்கத்துக்கு ஹாமில் அனுமதி இல்லாததால் பேசுவதை எவரும் கேட்கலாம். அலை கிளம்பும் இடத்தையும் கண்டுபிடித்துவிடலாம். ஆபத்தில் இருப்பவருக்கு இதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

சிற்றலை அப்படியன்று. ஒலிபரப்பி வேறு நாட்டில் இருக்கிறது, கேட்பவர் எந்தத் தடயத்தையும் விடுவதில்லை. மின்சாரமும் பாட்டரியும் இல்லாத தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தைக் கொண்டு வானொலிச் செய்தி கேட்டார்கள். 2022 மார்ச்சில் பிபிசி உக்ரைனுக்காக நாள்தோறும் நான்கு மணி நேரச் சிற்றலை ஒலிபரப்பைத் தொடங்கியதும் இந்தக் காரணத்தால்தான். இரைச்சலை ஒலிபரப்பிக் கெடுக்க முடியும் என்பதும், பதில் பேச முடியாது என்பதுமே இதன் குறைகள்.

கைமாற்று எழுதியது:

கியூபாவை விட்டுவிட்டீர்கள். இணையம் எளிதில் கிட்டாத அங்கே 'எல் பாக்கேத்தே' என்ற பெயரில் வாரந்தோறும் ஏறத்தாழ ஒரு டெராபைட் அளவுக்குப் படங்கள், தொடர்கள், செயலிகள், வரி விளம்பரங்கள் ஆகியவை ஹார்டு டிஸ்க்கில் கைமாறி நாடெங்கும் போய்ச் சேர்ந்தன. அரசியலைத் தொடாமல் இருந்ததாலேயே அது நிலைத்தது என்பது என் கருத்து.

வேம்பு கேட்டது:

மூவருக்கும் நன்றி. எகிப்தில் செய்ததை இன்று ஒருவர் செய்ய முடியுமா?

செப்புக்கம்பி எழுதியது:

பல ஊர்களில் முடியாது. செப்புக் கம்பி இருந்த இடத்துக்கு ஃபைபர் வந்துவிட்டதால் தொலைபேசிக் குரலும் இணைய இணைப்புக்கு உள்ளேயே பயணிக்கிறது. குரலைச் சுருக்கி அனுப்பும் முறையில் மோடத்தின் ஒலி சிதைந்துவிடுவதும் உண்டு. வீட்டில் மின்சாரம் நின்றால் அந்தத் தொலைபேசியும் நின்றுவிடும். பழைய தொலைபேசிக்கோ நிலையத்திலிருந்தே மின்சாரம் வந்தது. செப்புக் கம்பி இணைப்பு இன்னும் இருக்கும் வீட்டார், மாத வாடகை வீண் என்று எண்ணி அதைத் துண்டித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.