எந்தச் செய்தியை எந்த அளவுக்கு நம்புவது? வழி சொல்லுங்கள்

நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஒரே சம்பவத்தைப் பற்றிய இரண்டு செய்திகளைக் காட்டி, "எதும்மா உண்மை?" என்று கேட்டாள். ஒன்றின் தலைப்பு, "போராடியவர்கள் மீது தடியடி". இன்னொன்று, "கலவரத்தை அடக்கியது போலீஸ்". உள்ளே படித்தால் இடம், நேரம், காயம்பட்டவர்களின் எண்ணிக்கை எல்லாம் ஒன்றுதான். முதலாவதில் போலீஸ் தரப்பு கடைசி வரியில் இருந்தது. இரண்டாவதில் போராடியவர்கள் ஒருவர்கூடப் பேசவில்லை. எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை.

தேடிப் பார்த்ததில் ஆல்சைட்ஸ், ஆட் ஃபாண்டஸ் மீடியா என்ற, ஊடகங்களை மதிப்பிடும் இரண்டு அமெரிக்கத் தளங்கள் கிடைத்தன. ஆல்சைட்ஸ் ஊடகத்தின் சாய்வை, அதாவது அது எந்த அரசியல் பக்கம் சாய்கிறது என்பதை மட்டும்தான் அளக்கிறது, துல்லியத்தை அல்ல. ஊடகங்களை இடம் குறித்துக் காட்டும் ஆட் ஃபாண்டஸ் வரைபடத்தில் கிடைமட்டக் கோடு சாய்வு, செங்குத்துக் கோடு நம்பகத்தன்மை. இரண்டும் வேறு வேறு என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. சாய்வுள்ள பத்திரிகையும் தகவலைச் சரியாகத் தரலாம், நடுநிலை என்று சொல்லிக்கொள்வதும் தப்பாக எழுதலாம். ஆனால் இடது, வலது என்ற அவர்களின் அளவுகோல் அந்த நாட்டு அரசியலுக்கானது. மொழி, சாதி, மாநில உரிமை எல்லாம் கலந்த நம் அரசியலை அதில் எப்படிப் பொருத்துவது?

தலையங்கத்தையும் செய்தியையும் பிரித்துப் படிப்பது, பிழை வந்தால் திருத்தம் போடுகிறார்களா, உரிமையாளர் யார் என்று பார்ப்பது, இவ்வளவுதான் இப்போது செய்கிறேன். வேறு என்ன கவனிக்க வேண்டும்? பத்திரிகைத் துறையில் இருப்பவர்கள், ஆசிரியர்கள் அவசியம் சொல்லுங்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்து பார்க்கக்கூடிய பயிற்சி ஏதாவது இருந்தால் இன்னும் நல்லது.