முட்டித் தேய்மானம்: மாத்திரை இல்லாமல் வலி குறைய வழி உண்டா?

கேள்வி:
அம்மாவுக்கு 64 வயது. இரண்டு முட்டியிலும் தேய்மானம், வலதில்தான் வலி அதிகம். வலி மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பயிற்சி செய்தால் வலி கூடுகிறது என்று நிறுத்திவிட்டார். தோல் வழியாக லேசான மின்சாரம் செலுத்தி வலியைக் குறைப்பதாகச் சொல்லும் டென்ஸ் (TENS) கருவி வாங்கலாமா? முட்டி உறை போதுமா?

பதில் 1:
டென்ஸ் வேண்டாம். அமெரிக்க வாதநோயியல் கல்லூரியின் 2019 வழிகாட்டுதலே முட்டித் தேய்மானத்துக்கு அதை வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறது. பயிற்சி, எடைக் குறைப்பு, கைத்தடி மூன்றையும் அதே அழுத்தத்தோடு பரிந்துரைக்கிறது.

நிறுத்திய பயிற்சியையே அளவு குறைத்துத் தொடங்குங்கள். மல்லாந்து படுத்து, முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதை முட்டியால் அழுத்தி 5 விநாடி நிறுத்த வேண்டும். 10 தடவை. இது பழகியதும் துண்டை எடுத்துவிட்டு, ஒரு காலை மடக்கி, மற்றதை நீட்டியபடி ஓர் அடி உயரம் தூக்கி 5 விநாடி நிறுத்தி மெதுவாக இறக்கலாம். மூச்சை அடக்கக் கூடாது.

அடுத்தது நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. பெரும்பாலும் சொதப்புவது இங்கேதான்: இருக்கை தாழ்வாக இருந்தால் முட்டி மேல் பாரம் ஏறும். இடுப்பு முட்டியைவிடச் சற்று மேலே இருக்கும்படி மெத்தை போடுங்கள். எழும்போது முட்டிகள் உள்பக்கம் சாயக் கூடாது.

செய்யும்போது லேசாக வலிப்பது பரவாயில்லை. கூடிய வலி மறுநாளும் அடங்காவிட்டால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்த வேண்டாம்.

பதில் 2:
கைத்தடியை இடது கையில் பிடிக்கச் சொல்லுங்கள். பலரும் வலிக்கிற பக்கமே பிடித்து, உடம்பை அந்தக் காலின் மேலேயே சாய்த்துவிடுகிறார்கள். தடியும் வலது காலும் சேர்ந்தே முன்னால் போக வேண்டும். செருப்போடு நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி மணிக்கட்டு ரேகைக்கு நேராக வர வேண்டும். படி ஏறும்போது இடது கால் முதலில். இறங்கும்போது தடியும் வலது காலும் முதலில்.

கேட்டவர்:
நன்றி. இரவில் முட்டிக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்கினால் இதமாக இருக்கிறதாம், வைக்கலாமா?

பதில் 1:
இரவு முழுக்க வேண்டாம். முட்டி மடங்கியே பழகினால் நாளடைவில் முழுசாக நீட்ட வராது. ஒருக்களித்துப் படுத்து, இரண்டு முட்டிக்கும் நடுவில் தலையணை வைக்கலாம்.

பதில் 3:
உறை நடக்கும்போது கொஞ்சம் பிடிமானம் தரும், தசைக்குப் பலம் தராது. விறைப்புக்குப் பயிற்சிக்கு முன் 15 நிமிடம் வெந்நீர் ஒத்தடம். வீங்கியிருந்தால் துணியில் சுற்றிய ஐஸ் 10 நிமிடம். சர்க்கரை நோயால் மரத்த கால் என்றால் சூட்டை வேறொருவர் தொட்டுப் பார்த்த பிறகே வைக்க வேண்டும்.

உடல் பருமன் இருந்தால் எடையையும் கவனியுங்கள். 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முட்டி மேல் விழும் சுமை சுமார் 4 கிலோ குறைகிறது.

முட்டி திடீரெனச் சிவந்து சூடாக வீங்கினாலோ, காய்ச்சலோடு வலித்தாலோ, மடக்க நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ இதெல்லாம் செய்துகொண்டிருக்காமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.